மூன்று படி மாவும் பதினோராம் மணியும்: வாசகர் கேள்வி – பதில்

இயேசுவின் உவமைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவிரிப் படுகை ஊர்களிலிருந்து வந்தவை. விதை, களை, கூலி, அறுப்பு என்றே பேசும் பகுதிகளைப் பற்றி வயலோடு வாழ்கிறவர்கள் கேட்பது இயல்புதான். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். மேற்கோள்கள், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், நம் வீடுகளில் அதிகம் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

புரியாததைப் புரியவைப்பதற்குத்தான் உவமை என்று பள்ளியில் படித்தோம். மாற்கு நான்காம் அதிகாரத்திலோ, புறம்பே இருக்கிறவர்கள் ‘கண்டும் காணாதவர்களாகவும், கேட்டும் உணராதவர்களாகவும் இருக்கும்படி’ உவமைகளாகச் சொல்லப்படுகிறது என்று வருகிறது. மறைப்பதற்காகவா கதை சொன்னார்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

இந்த வசனம் உறுத்தியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. மத்தேயுவுக்கே உறுத்தியிருக்கிறது என்று தோன்றுகிறது. மாற்கு ‘இருக்கும்படி’ என்று எழுதிய இடத்தில் மத்தேயு ‘இருக்கிறபடியினால்’ என்று எழுதுகிறார். கிரேக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு இடைச்சொல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வேறுபாட்டைத் தமிழிலும் சிந்தாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். மாற்குவில் அது நோக்கம், மத்தேயுவில் அது காரணம். இருவருமே எடுத்தாள்வது ஏசாயா ஆறாம் அதிகாரத்தில், சொல்லப் போகும் சொல் மக்களிடம் எடுபடாது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அனுப்பப்படும் தீர்க்கதரிசிக்குச் சொல்லப்பட்ட கசப்பான வார்த்தைகளை.

உவமை என்று நாம் சொல்வதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் ‘மாஷால்’. பழமொழி, விடுகதை, ஒப்புமைக் கதை, குத்திக்காட்டும் பேச்சு ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே சொல்தான். ஆகவே விளக்குவது, மறைப்பது என்ற இரண்டும் அந்தச் சொல்லுக்குள் பிறக்கும்போதே சேர்ந்திருக்கின்றன. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2 சாமுவேல் 12ஐப் பாருங்கள். தாவீது ராஜா பிறன் மனைவியைக் கவர்ந்து, அவளுடைய கணவனையும் சாகக் கொடுத்தபின், தீர்க்கதரிசியாகிய நாத்தான் அவனிடம் வந்து, ஏழை ஒருவன் பிள்ளைபோல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து அடித்துச் சமைத்த கதையைச் சொல்கிறான். தாவீது கொதித்தெழுந்து தீர்ப்புச் சொன்ன பிறகுதான், ‘நீயே அந்த மனுஷன்’ என்ற சொல் வருகிறது. கதையின் பொருள் மறைந்திருந்தது உண்மை; ஆனால் கேட்டவன் தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும் வரைக்கும்தான் மறைந்திருந்தது.

நமக்கு இது அந்நியமான கலையும் அன்று. தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்று, சொல்லாமல் உணர்த்தும் ஒப்புமை ஒன்றைப் பேசுகிறது. அது மிகுதியாக வந்து விழுவது நம் நிலமாகிய மருதத்தில்தான். வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்துத் தானாக விழும் கனியைப் பொய்கையின் வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரன் என்று ஒருத்தி தலைவனைச் சொல்வாள். மீனைப் பற்றி அவள் பேசவில்லை என்பது, அதைக் கேட்க வேண்டியவர்கள் காதில் விழுந்தவுடன் விளங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்கு நான்காம் அதிகாரத்தில் உவமை விளங்காமல் விழிப்பவர்கள் சீஷர்கள். பன்னிரண்டாம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டக் குத்தகைக்காரர் உவமையைக் கேட்டவுடன், இது தங்களைக் குறித்துத்தான் என்று சரியாகப் புரிந்துகொள்பவர்கள் எதிரிகள். புரிந்தது, புரிந்ததனால்தான் அவரைப் பிடிக்க வகைதேடினார்கள். உள்ளே, புறம்பே என்ற பிரிவு அறிவுக் கூர்மையை வைத்துப் போட்டதாக இருந்தால் மாற்கு இப்படி எழுதியிருக்க முடியாது.

புளித்த மாவின் உவமையில் வரும் ‘மூன்று படி’ என்பது ஆவி, ஆத்துமா, சரீரம் என்று எங்கள் சபைக்கு வந்த பிரசங்கியார் விளக்கினார். இது சரியா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

அப்படி ஒரு குறிப்பு அந்த வசனத்தில் இல்லை. ‘ஒரு ஸ்திரீ எடுத்து, முழுவதும் புளிக்கும்வரைக்கும், மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள்’ என்பது மத்தேயு 13:33. மூன்று என்ற எண்ணைக் கண்டவுடன் அது எதைக் குறிக்கிறது என்று தேடப் புறப்படுவதற்கு முன், அந்த மூன்று எவ்வளவு என்று பார்த்திருக்கலாம்.

நம் படி ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் ஏறத்தாழ 1.5 லிட்டர். மூன்று படி என்றால் நாலரை லிட்டர். ஒரு நடுத்தரக் குடும்பம் இரண்டு நாள் இட்லிக்கு ஆட்டிவைக்கும் மாவு. மூலத்தில் உள்ள அளவை ஏறத்தாழ 13 லிட்டர் கொள்வது. மூன்று சேர்ந்தால் 39 லிட்டர். நூறு பேர் பந்திக்குக் காணும் அப்பம் அதில் சுடலாம். ஒரு பெண் தன் வீட்டு அடுப்பங்கரையில் ஒரே நாளில் கல்யாணச் சமையல் அளவுக்கு மாவு பிசைகிறாள் என்பதுதான் கேட்டவர்களைப் புருவம் உயர்த்த வைத்த செய்தி. ‘படி’ என்ற சொல் அதைத் தமிழில் சிறுக்கவைத்துவிட்டது. மூன்று என்பதும் வெறுமனே வந்ததாகத் தெரியவில்லை. ஆதியாகமம் 18இல், கூடார வாசலுக்கு வந்த மூன்று விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் சாராளைப் பிசையச் சொன்னதும் இதே மூன்று படிதான். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் கர்த்தரே என்று தெரிந்த ஒரு யூதப் பெண்ணுக்கு இந்த அளவே போதுமான குறிப்பு.

அடுத்தது ‘அடக்கிவைத்தாள்’ என்ற சொல். கிரேக்கத்தில் அவள் ‘மறைத்து வைத்தாள்’. மாவுக்குள் யாராவது புளிப்பை மறைப்பார்களா? மார்கழிக் குளிரில் மாவு பொங்காதென்று, பழைய மாவில் ஒரு கரண்டியை எடுத்துப் புது மாவில் விட்டுக் கையால் கலக்கிவிடுகிறோம். அதை ஒளித்துவைத்தேன் என்று எவரும் சொல்வதில்லை. மத்தேயு வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். இரண்டு வசனம் தள்ளி, ‘உலகத்தோற்றமுதல் மறைபொருளானவைகளை வெளிப்படுத்துவேன்’ என்று வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, 44ஆம் வசனத்தில், நிலத்தில் புதைத்திருக்கிற பொக்கிஷம் வருகிறது. மூன்று இடத்திலும் மூலத்தில் ஒரே வேர்ச்சொல். தமிழில் ஓரிடத்தில் அடக்கி, ஓரிடத்தில் மறைபொருள், ஓரிடத்தில் புதைத்து என்று பிரிந்துபோனதால், நூல் பிடித்துப்போக நமக்கு வழியில்லாமல் போயிற்று. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்த காலம்தொட்டுத் தமிழில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்லவில்லை, எந்த மொழியிலும் எல்லாவற்றையும் கரை சேர்க்க முடியாது.

மேலும், யூதருக்குப் புளித்த மாவு பஸ்கா பண்டிகை நாட்களில் வீட்டைவிட்டே அகற்றவேண்டிய பொருள். ‘பரிசேயரின் புளித்த மா’ என்று இயேசுவே அதைத் தீமைக்கு உவமையாக்கியிருக்கிறார். அப்படிப்பட்டதைப் பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பிட்டது அவர்களுக்குச் சுருக்கென்றிருக்கும். பொங்கிய மாவைக் கண்டால் மனம் நிறைகிற நமக்கு அந்தச் சுருக்கு தைப்பதே இல்லை.

நாற்று விட்டு, பறித்து, நடுகிற எங்களுக்கு, பாதையிலும் கற்பாறையிலும் முள்ளிலும் விதையை இறைக்கிற விவசாயி பைத்தியக்காரனாகத் தெரிகிறான். அவன் ஏன் அப்படிச் செய்தான்?
– ஒரு விவசாயி, தலைஞாயிறு

கடைமடையில் இருக்கிற நீங்கள், தண்ணீர் வராத ஆண்டில் புழுதியில் நேரடி விதைப்புச் செய்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டால் போதும். இயேசுவின் நாட்டில் மழையை நம்பிய சரிவு நிலம், மேலோட்டமான மண், அடியில் சுண்ணாம்புப் பாறை. விதைத்த பிறகு உழுது மூடுகிற வழக்கமும் உண்டு. கைவீச்சில் சில மணிகள் ஒற்றையடிப் பாதையில் விழுவது தவிர்க்க முடியாதது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ‘நூறாகவும் அறுபதாகவும் முப்பதாகவும்’ பலன் தந்தது என்று கதை முடிகிறது. இன்று நம் படுகையில் ஏக்கருக்கு 30 கிலோ விதைநெல் போட்டு இரண்டேகால் டன் அறுத்தால் அது எழுபத்தைந்து மடங்கு. நல்ல மகசூல் என்போம், அற்புதம் என்று சொல்லமாட்டோம். அந்தக் காலத்துக் கோதுமைக்காரனோ பத்து மடங்கு வந்தாலே திருப்தியாகக் களத்தைவிட்டு எழுந்திருப்பான். ஈசாக்கு நூறு மடங்கு அறுத்ததைக் கர்த்தருடைய ஆசீர்வாதம் என்றே ஆதியாகமம் எழுதிவைத்திருக்கிறது. வயலை நன்றாக அறிந்தவர்கள் என்பதாலேயே நாம் இந்த உவமையின் கடைசி வரியைச் சாதாரணமாகக் கடந்துபோகிறோம்.

களையைப் பிடுங்காதே என்று சொல்கிற மிராசுதாரரை நான் என் எழுபது வயதில் பார்த்ததில்லை. கோதுமைக்குள் களை விதைத்த உவமையின் உட்பொருள் என்ன?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

களையைப் பிடுங்கட்டுமா என்று உவமையில் கேட்ட வேலைக்காரர்களுக்கும் இதே வியப்புத்தான். அங்கே சொல்லப்படும் களை, கோதுமையோடு கோதுமையாக முளைத்து, கதிர் தள்ளும் வரைக்கும் ஏறக்குறைய அதே உருவத்தில் நிற்கும் ஒரு நச்சுப்புல். அதன் மணி மாவில் கலந்தால் தலைசுற்றலும் மயக்கமும் வரும். நம் வயலில் அதற்கு இணையாக நிற்பது குதிரைவாலிப் புல்.

சில ஆண்டுகளுக்கு முன் வலங்கைமான் பக்கத்தில், நடவு முடிந்து இருபது நாள் ஆன ஒரு வயலில், களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு தூரிலிருந்து இலையொன்றை மெல்லக் கீழ்நோக்கி வளைத்து, அது தண்டைத் தழுவுகிற கணுவை என் கண்ணருகே நீட்டினார். அங்கே வெள்ளையாக, சவ்வுபோல், ஒரு சிறு நாக்கு இருந்தது. அடுத்த தூரில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. “நாக்கு இருந்தா நெல்லு தம்பி, இல்லாட்டி புல்லு. அதுக்காக ஒண்ணொண்ணா வளைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா பொழுது போயிடும், எங்க கைக்கே தெரியும்” என்றார். சொல்லிக்கொண்டே பிடுங்கிப்போட்ட ஒரு கைப்பிடியில் இரண்டு நெற்பயிரும் சேர்ந்து வந்திருந்ததை அவரே பார்த்துச் சிரித்துவிட்டு, அவற்றைத் திரும்பச் சேற்றில் ஊன்றினார்.

‘இரண்டையும் அறுப்புமட்டும் வளரவிடுங்கள்’ என்று எஜமான் சொன்னதன் காரணம் அந்தக் கைப்பிடியில் இருக்கிறது. கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்பதுதான் அவன் அச்சம். இந்த உவமைக்கு இயேசுவே விளக்கம் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார்: விதைக்கிறவன் மனுஷகுமாரன், நிலம் உலகம், நல்ல விதை ராஜ்யத்தின் புத்திரர், களை பொல்லாங்கனுடைய புத்திரர், சத்துரு பிசாசு, அறுப்பு உலகத்தின் முடிவு, அறுக்கிறவர்கள் தேவதூதர்கள். ஏழு பொருத்தங்கள். எண்ணிப் பார்த்தால் கதையில் ஒரு கூட்டம் விடுபட்டிருக்கிறது: ‘நாங்கள் போய் அவைகளைப் பிடுங்கிப்போட உமக்குச் சித்தமா’ என்று கேட்ட வேலைக்காரர்கள். அவர்கள் யார் என்று விளக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. உட்பொருள் தேடுகிறவர்கள் எல்லோரும் களை யார், களை யார் என்றே தேடிவந்திருக்கிறார்கள்; அந்தத் தேட்டத்தோடு கேள்வி கேட்டு நிற்பவனுக்குத்தான் கதையில் பெயர் சூட்டப்படவில்லை. நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம் இந்தப் பகுதிக்குப் பிரசங்கிக்கும்போது, மாற்றுக் கொள்கை உடையவர்களைக் கொல்லக்கூடாது என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டினார். பிற்காலத் திருச்சபை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

திராட்சத்தோட்ட உவமையில் பதினோரு மணிக்கு வந்தவன் அரை நாளாவது வேலை செய்திருப்பானே. அவனுக்கு முழுக்கூலி கொடுத்ததில் அப்படி என்ன மறைபொருள் இருக்கிறது?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம். அவர்கள் பகலை விடியலிலிருந்து எண்ணினார்கள். மூன்றாம் மணி என்றால் காலை ஒன்பது, ஆறாம் மணி என்றால் உச்சிவேளை, பதினோராம் மணி என்றால் மாலை ஐந்து. ‘இவர்கள் ஒருமணி நேரமாத்திரம் வேலைசெய்தார்கள்’ என்று முந்தி வந்தவர்கள் முறையிடும் வரியில் இதற்குச் சாட்சி இருக்கிறது. பின்னாளில் வந்த பொது மொழிபெயர்ப்பு ஐந்து மணி என்றே எழுதிவிட்டது. அதில் படித்திருந்தால் உங்களுக்கு இந்த ஐயம் எழுந்திராது.

விடியல், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் மணி என்று எஜமான் ஆள் எடுத்த ஐந்து வேளைகளையும் ஆதாம், நோவா, ஆபிரகாம், மோசே, கிறிஸ்து என்று ஐந்து யுகங்களாகவும், மனிதனின் ஐந்து பருவங்களாகவும் ஆதித் திருச்சபையில் பொருள்கொண்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருளில் கூலி என்ற சொல் ஆவியாகப் போய்விடுகிறது. கூலியாகப் பேசிய ஒரு பணம் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. மாலை ஐந்து மணிக்குச் சந்தைவெளியில் நிற்கிறவன், ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறான். கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் காலையிலிருந்து நின்று, வண்டி வண்டியாக மற்றவர்கள் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வாக்கியத்துக்கு உரை தேவையில்லை.

முந்தி வந்தவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று பிரசங்கங்களில் எளிதாக ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ‘பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு’ என்று அவர்கள் பேசுவது உழைத்தவனின் நியாயமான பேச்சு. உங்கள் மாவட்டத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், 1968 டிசம்பர் 25 இரவில், கிறிஸ்து பிறப்பு நாளில், ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, கூலியைப் பற்றிய ஓர் உவமையில் கூலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எஜமானின் தாராளம் எவனுடைய பேசிய கூலியையும் குறைக்கவில்லை என்பதைக் கதை கவனமாகச் சொல்லியிருக்கிறது. அதன் மேல் எவ்வளவு ஞானப்பொருள் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

நல்ல சமாரியன் கதையில் சத்திரம் என்பது திருச்சபை, இரண்டு பணம் என்பது இரண்டு கட்டளைகள் என்கிறார்கள். இதற்கு ஆதாரம் உண்டா?
– ஒரு வாசகர், பொறையார்

430இல் இறந்த ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் இதைவிட விரிவாகவே சொல்லியிருக்கிறார். குத்துயிராய்க் கிடந்தவன் ஆதாம், கள்ளர்கள் பிசாசும் அவன் தூதர்களும், எரிகோ நிலவு, சத்திரக்காரன் பவுல் அப்போஸ்தலன். எரிகோ எப்படி நிலவாயிற்று என்றால், அந்தப் பெயர் எபிரெயத்தில் நிலவைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் நெருங்கியது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று பொருத்துவது பக்தியால் பிறந்த கலை. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனாலும் லூக்கா அந்தக் கதையை எந்தக் கேள்விக்கு விடையாக வைத்தாரோ, அந்தக் கேள்வி இதில் காணாமல் போகிறது.

நியாயசாஸ்திரி கேட்டது, ‘எனக்குப் பிறன் யார்’ என்பது. தமிழில் பிறன் என்றால் வேற்றாள். பிறன்மனை, பிறன்பொருள் என்றுதான் நம் காதுக்குப் பழக்கம். கிரேக்கச் சொல்லின் பொருளோ அருகில் இருப்பவன், அடுத்திருப்பவன். இயேசு கதையைச் சொல்லிவிட்டு, அவ்வழியே வந்த ஆசாரியன், லேவியன், சமாரியன் ஆகிய மூவரில் எவன் அடிபட்டவனுக்கு அடுத்தவனாக இருந்தான் என்று கேள்வியைத் திருப்பிப்போடுகிறார். ‘அவனுக்கு இரக்கஞ்செய்தவனே’ என்கிறான் சாஸ்திரி. யூதர்கள் வெறுத்து ஒதுக்கிய சமாரியன் என்ற பெயர் அவன் வாயில் வரவில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 666 என்பது நம் அடையாள அட்டையில் மறைந்திருப்பதாகக் காணொளியில் பேசுகிறார்களே?
– ஒரு வாசகி, சீர்காழி

நம் முன்னோர் க, உ என்ற எழுத்துகளை ஒன்று, இரண்டு என்று எண்ணாகவும் எழுதியதுபோல, எபிரெய எழுத்துகளுக்கும் எண்மதிப்பு உண்டு. ரோமப் பேரரசனான நீரோ இராயன் என்ற பெயரை அந்த எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. அவன் 54 முதல் 68 வரை ஆண்டு, கிறிஸ்தவர்களை வதைத்தவன். சில பழைய கைப்பிரதிகளில் 616 என்று இருக்கிறது. அவன் பெயரை லத்தீன் வடிவத்தை ஒட்டி எழுதினால் கடைசி எழுத்துக்குரிய 50 குறைந்து அந்த எண் வருகிறது. முதல் வாசகர்கள் கணக்குப்பார்த்துக் கண்டுபிடிக்கும்படி எழுதிய எண் அது. உங்கள் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். ரேஷன் கடையில் கேட்பார்கள்.

ஒரு திருத்தம்

சென்ற இதழில் தாலந்தை ‘ஒரு நாணயம்’ என்று எழுதிவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் தவறைச் சுட்டி எழுதியிருக்கிறார்; அவருக்கு நன்றி. தாலந்து என்பது எடை. வெள்ளியில் ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலிக்குச் சமம். நம் சபைகளில் பாட்டுப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் தாலந்து என்று பெயர் வைத்து, அது திறமையைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. கதையிலோ அது பணம், அதுவும் பெரும்பணம். ஒப்படைத்த பணத்தை மண்ணில் புதைப்பதுதான் பாதுகாப்பு என்று யூத ரபிமார்களின் சட்டமும் சொல்கிறது; ஆகவே எஜமான் கொடுத்த ஒரு தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த மூன்றாம் வேலைக்காரன் செய்தது அக்காலத்தில் கண்ணியமான காரியமே. ஒரு தாலந்து 30 கிலோவுக்கு மேல் இருக்கும். ‘பொல்லாதவனும் சோம்பனுமான ஊழியக்காரனே’ என்று ஏச்சு வாங்குவதற்கு முன், அவன் நல்ல ஆழமாகவே ஒரு குழி வெட்டியிருக்க வேண்டும்.